வில்லாவுக்கு ஊசி போடவில்லை

பிறர் காகிதத்தில் இருக்கும் பிழையை நான் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். இருபத்தைந்து வருடமாக அதுதான் எனக்கு உத்தியோகம் (சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவு). அப்பா பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. ஆனால் என் சொந்தக் காகிதத்தில் இருந்த பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் நான் ராமேஸ்வரம் வரை போகவேண்டியிருந்தது. அங்கேயும் கண்டுபிடித்தது நான் அல்ல.

முதலில் என் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சான்றிதழ்களின்படி நான் எபெனேசர் வில்லா சாமுவேல். இதில் சாமுவேல் நான். மீதி எங்கள் வீடு.

சித்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் அந்த இரண்டு சொற்களும் சிமெண்டில் புடைப்பாக இருக்கும். தாத்தா கட்டியபோது வைத்த பெயர். எபெனேசர் என்றால் 'இதுவரைக்கும் உதவி கிடைத்தது' என்று பொருள் சொல்வார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, தெலுங்கு வாத்தியார் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "இண்டிபேரு ஏமிட்டி?" என்று கேட்டிருக்கிறார். தெலுங்குக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. அதைத்தான் இண்டிபேரு என்பார்கள். அதை அப்படியே தமிழில் பிரித்தால் வீட்டுப் பெயர். எங்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு எங்கள் பரம்பரை முடிந்துவிடும். ஆனால் என் நைனா தனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்று நம்புகிறவர். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "எபெனேசர் வில்லா" என்று பதில் சொன்னார். கிறிஸ்தவர்களுக்கு இப்படியும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும்போல என்று வாத்தியார் எழுதிக்கொண்டார்.

நான் அதைத் திருத்தியிருக்கலாம். எஸ்.எஸ்.எல்.சி. வரும்போதே விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஈ. வி. சாமுவேல் என்று கையெழுத்துப் போட்டுப் பார்த்தபோது, அதில் ஒரு ஜட்ஜின் கம்பீரம் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். திருப்பதியில் எம்.எஸ்சி. சேர்ந்தபோது விடுதிப் பலகையில் முழுப்பெயரையும் எழுதிப்போட்டார்கள். அன்று முதல் நான் வெறும் வில்லா.

எழுபதுகளின் நடுவில், தசரா விடுமுறை இரண்டு நாள் வாரக்கடைசியோடு ஒட்டி வந்தது. என் அறையில் இருந்த நகரி முருகேசனின் மாமா கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். நகரியில் முருகேசன் வீட்டுத் தறியில் ஓடும் லுங்கிதான் அங்கே அவர் கடையில் விற்கும். "வாங்கடா, ஃபாரின் போய் வந்துடலாம். மாமா சோறு போடுவாரு" என்றான் முருகேசன், ஏதோ பக்கத்திலிருக்கும் புத்தூருக்குக் கூப்பிடுகிற மாதிரி. பக்கத்து அறை ரமணா உடனே சரி என்றான். ரமணா எதற்கும் உடனே சரி என்பவன். நான் மட்டும் ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'இலங்கைப் பயணம் – ஏற்பாடுகள்' என்று எழுதிக் கோடு போட்டேன்.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் நாற்பத்தொரு இனங்கள். எந்த பஸ், எந்த ரயில், கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பது வரை. பாஸ்போர்ட்டுக்காக மூன்று மாதம் அலைந்தோம். மற்ற இருவரின் காகிதங்களையும் நான் மூன்று தடவை சரிபார்த்தேன். கப்பலேறக் காட்டவேண்டிய காலரா ஊசிச் சான்றில் முருகேசனுக்கு 'முருகேஷன்' என்று இருந்ததைக் கண்டு, அவனை நகரி ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பி, 'முருகேசன்' என்று மாற்றி வாங்கிவரச் செய்தேன். "ஒரு எழுத்துடா வில்லா. அதுக்குன்னு பஸ் ஏறிப் போவணுமா?" என்று அழாக்குறையாகக் கேட்டான். ஒரு எழுத்தால் கப்பல் போய்விடும் என்று சொன்னேன். அந்த வாக்கியம் அன்றைய டைரியில் இருக்கிறது. அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

என் ஊசியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நைனா ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். வீட்டிலேயே ஊசி போட்டு, சான்றுக்கான மஞ்சள் புத்தகத்தைத் தானே நிரப்பி, டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவந்து கொடுத்தார். பதினேழாவது இனம்: 'ஊசிச் சான்று (எனது)'. எதிரே டிக். புத்தகத்தை நான் திறந்து பார்க்கவில்லை. பெற்ற அப்பா எழுதியதைப் போய் யாராவது சரிபார்ப்பார்களா?

நான் இலங்கை போகும் செய்தி சித்தூரில் எங்கள் சபைக்குத் தெரிந்த வாரம், பலரும் வீட்டுக்கு வந்து சோப்பு, கிராம்பு, டார்ச் லைட் என்று வாங்கிவரச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக வந்தவர் ரூத் டீச்சர்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். எனக்கும் வீட்டில் வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தாவீதை அவரே வளர்த்தார். தாவீது இருபத்திரண்டு வயதில் இலங்கைக்குப் போய், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர், ஆறு வருடமாக எழுதவில்லை. இது சபைக்கே தெரியும். சபைக்குத் தெரியாததை டீச்சர் அன்று எங்கள் கூடத்தில், கையில் ஒரு டின்னை வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்.

"தோட்டத்துப் பொண்ணு ஒருத்திய கட்டிக்கப் போறேன்னு எழுதினான். நம்ம சபை இல்ல. இனிமே எனக்குத் தம்பியே இல்லன்னு பதில் எழுதிட்டேன். அவ்வளவுதான். நான் சொன்னபடியே நடந்துக்கினான்."

பிறகு ஒரு உறையை நீட்டினார். நாலு பக்கம் எழுதியிருப்பதாகவும், தபாலில் போட்டால் தன் கையெழுத்தைப் பார்த்துத் தம்பி பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவான் என்றும், யாராவது ஒரு மனுஷன் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வான் என்றும் சொன்னார். நான் ஹட்டன்வரை போகமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். முருகேசனின் மாமா கடைக்குத் தோட்டத்து ஆட்கள் துணியெடுக்க வருவார்கள். அவர்களில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"உயிரோட கீறானான்னு தெரிஞ்சா போதும் எனக்கு. ஒரு வரி. அவன் கைப்பட ஒரு வரி வாங்கிட்டு வந்துடு" என்றார்.

டின்னில் இருந்தது மாம்பழத் தாண்ட்ரா. சாறு பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைத்து, அடுக்கடுக்காக மடித்தது. எங்கள் ஊரில் மாம்பழக் காலத்தில் எல்லா வீட்டு மாடியிலும் காயும். டீச்சர் மட்டும் அதைச் சதுரமாக வெட்டாமல், கடித உறை மாதிரி நாலு மூலையும் உள்ளே மடித்து வைப்பார்.

நான் பொறுப்புள்ளவன் என்பதைக் காட்ட இரண்டு காரியம் செய்தேன். டின்னின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, தாவீது மாஸ்டரின் தோட்ட விலாசத்தை எழுதினேன். சுங்கத்தில் கேட்டால் பாஸ்போர்ட்டோடு பொருந்தவேண்டுமே என்று, கீழே அனுப்புபவர் இடத்தில் என் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுசாக எழுதினேன். சீட்டு சிறியது, ஒரு வரியில் 'எபெனேசர் வில்லா' வரைக்கும்தான் இடம் இருந்தது, அடுத்த வரியில் 'சித்தூர்'. 'சாமுவேல்' முதல் வரியின் ஓரத்தில், ஒட்டாத விளிம்பில் தொங்கியது. கடிதத்தை என் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்து, ஊக்கு ஒன்று குத்தினேன். ஒன்று போதாது என்று தோன்றியதால் இன்னொன்றும் குத்தினேன்.

சனிக்கிழமை மதியம் 12.50க்கு ராமேஸ்வரத்தில் வரிசையில் நின்றோம். முருகேசன் போனான். ரமணா போனான். மூன்றாவதாக நான் என் பாஸ்போர்ட்டையும் மஞ்சள் புத்தகத்தையும், மூலை நேராக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேஜைமேல் வைத்தேன். ஆபீசர் ஐம்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எபெனேசர் வில்லா யாரு?"

"நான்தான் சார்."

"அ. சாமுவேல் யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

மஞ்சள் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நைனாவின் அழகான சாய்ந்த கையெழுத்தில் 'A. Samuel' என்று இருந்தது. அவருக்கு நான் அருளப்பன் மகன் சாமுவேல். பிறந்தது முதல் அதுதான். வேறு எப்படி எழுதுவார்? ஒரே மனிதர், பள்ளியில் வீட்டின் பெயரைக் கொடுத்தார், ஆஸ்பத்திரியில் தன் பெயரைக் கொடுத்தார்.

நான் விளக்கினேன். தெளிவாகத்தான் விளக்கினேன் என்று நினைவு. தெலுங்கு வாத்தியார், இண்டிபேரு, முகப்பில் இருக்கும் சிமெண்டுப் பலகை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும்.

"அப்போ வில்லாங்கிறது வீடு."

"ஆமா சார்."

"ஊசி போட்டது சாமுவேலுக்கு. கப்பல் ஏறப்போறது வில்லா. வில்லாவுக்கு ஊசி போடலியே தம்பி."

இங்கேயே இன்னொரு ஊசி போட்டுவிடுங்கள் என்று கையை நீட்டினேன். போட்டாலும் ஆறு நாள் கழித்துத்தான் செல்லும் என்றார். பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டவராக, முன்னால் போன இரண்டு பேரின் காகிதங்களும் எவ்வளவு சுத்தமாக இருந்தன என்று சொல்லி, அதை யார் பார்த்துக்கொடுத்தார்களோ அவர்களிடம் உன்னுடையதையும் காட்டியிருக்கலாமே என்று கேட்டார். பாஸ்போர்ட்டையும் புத்தகத்தையும் மறுபடி மூலை நேராக அடுக்கி எடுத்துக்கொண்டேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரும் திரும்பிவிடுவதாகச் சொன்னார்கள். "நுவ்வு லேகுண்டா மேமெட்லா வெள்தாம்ரா?" என்று கேட்டான் ரமணா, நீ இல்லாமல் நாங்கள் எப்படிப் போவது என்று அர்த்தம். அவன் கண் கலங்கியிருந்தது. நான் தியாகியானேன். ஒருவனுக்காக மூன்று பேர் நிற்பது முறையல்ல என்றேன். பிறகு கம்பித் தடுப்பின் மேலாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பயணத் திட்டம் நாலு தாள், கார்பன் நகலோடு. தலைவலி மாத்திரை. புளிசாதப் பொட்டலம். தாண்ட்ரா டின். இது யாருக்கு என்று முருகேசனிடம் இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தேன். எல்லாம் வரிசைப்படி நடந்தது.

கப்பல் நகர்ந்து நூறு கஜம் போயிருக்கும். வியர்வை துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் போனேன். உள்பாக்கெட்டில் விரல் ஒரு ஊக்கில் பட்டது. பிறகு இன்னொரு ஊக்கில் பட்டது.

நான் ஓடினேன். மரப் பாலத்தின் முனைவரை ஓடி, கடிதத்தைப் பிய்த்தெடுத்து, தலைக்குமேல் ஆட்டினேன். மேல்தட்டில் நின்ற முருகேசனும் ரமணாவும் என்னைப் பார்த்துவிட்டார்கள். உற்சாகமாகக் கையாட்டினார்கள். 'லெட்டர், லெட்டர்' என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்களும் பலமாக ஆட்டினார்கள். ரமணா தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுழற்றினான். முன்பின் தெரியாத பயணிகளும் எனக்கு விடைகொடுத்தார்கள். கரையில் நின்றுகொண்டு, கப்பலிலிருந்து என்னளவுக்கு அன்பாக வழியனுப்பப்பட்டவன் வேறு யாரும் இருக்கமாட்டான்.

எபெனேசர் என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் முழுசாக விளங்கியது. இதுவரைக்கும் உதவி கிடைத்தது. இதுவரைக்கும் என்றால் ராமேஸ்வரம் வரைக்கும்.

ஞாயிறு காலை 9.30க்கு என் ரயில் செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. சித்தூரில் ஆராதனை தொடங்கும் நேரம். கடல் கடந்திருக்கும் என் மகனுக்காக ஜெபியுங்கள் என்று நைனா எழுந்து நின்று கேட்டிருப்பார். சபை முழுக்கத் தலைகுனிந்திருக்கும். மூன்றாவது வரிசையில் ரூத் டீச்சரும் குனிந்திருப்பார். அவர் மட்டும் எனக்காகக் கேட்டிருக்கமாட்டார். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. நேராகத் திருப்பதி விடுதிக்குப் போனேன். காலியாக இருந்தது. ஒரு புதுப் பக்கத்தை எடுத்துக் கோடு போட்டேன். இப்போது எழுதப்போவதுதான் உண்மையான வாக்குமூலம். இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் வெறும் அசட்டுத்தனம். நான் போட்ட திட்டம் இது: புதன்கிழமை நண்பர்கள் வரும்வரை ஒளிந்திருப்பது. அவர்கள் பார்த்ததைக் கேட்டு மனப்பாடம் செய்வது. சோப்பும் கிராம்பும் திருப்பதியிலேயே வாங்கிக்கொள்வது. கடைசியாக ஒரு வரி இருக்கிறது. 'ரூ. டீ.: கடிதம் கொடுத்தனுப்பியாயிற்று, பதில் பின்னால் வரும் எனல்.'

அந்த வரி இன்றும் என் எழுத்தில், சீராக, அந்தப் பக்கத்தில் இருக்கிறது. டைரி எழுதுகிறவனுக்கு இது ஒரு தொல்லை. மற்றவர்களுக்கு மறந்துபோவது நமக்கு மறக்காது.

திங்கட்கிழமை 11.15க்குக் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி கடையில் நின்று, சிலோன் சோப்பு இருக்கிறதா என்று தெலுங்கில் விசாரித்துக்கொண்டிருந்தேன். சிலோன் சோப்பு என்று தனியாக ஒன்று கிடையாது, எங்கோ வெளிநாட்டில் செய்ததுபோலத் தெரிந்தால் சரிதானே என்று கடைக்காரர் கேட்டார். அது போதும் என்றேன். அப்போது பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல்.

"இன்னா தம்பி. சிலோன்ல கீறன்னு நேத்துதான முட்டி போட்டு ஜெபம் பண்ணோம்?"

எங்கள் கோயிலில் மணியடிக்கும் யோபு அண்ணன். மனைவிக்குக் கண் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டோடு அந்த அக்காவும் பக்கத்தில் நின்றார்கள். மிச்சமிருந்த கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தார்கள்.

"போய்... வந்துட்டேன் அண்ணா" என்றேன்.

யோபு அண்ணன் விரல்விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. பிறகு கடைக்காரர் கையிலிருந்த சோப்பைப் பார்த்தார். "பைபிள்ல பேதுருகூட தண்ணி மேல கொஞ்ச தூரம்தான் நடந்தாரு" என்று மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். நான் எதுக்குப்பா சொல்லப்போறேன் என்று நகர்ந்தார். மணியடிப்பவரிடம் போய் நான் அதைக் கேட்டிருக்கக்கூடாது. நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சித்தூரில் இறங்குவதற்குள், அவர் முந்தின பஸ்ஸில் போய் இறங்கியிருந்தார்.

நைனா வாசலில், சரியாக அந்தச் சிமெண்டுப் பலகையின் கீழ் நின்றிருந்தார். நான் மஞ்சள் புத்தகத்தையும் பாஸ்போர்ட்டையும் விரித்து நீட்டி, நடந்ததைச் சொன்னேன். இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் கரெக்டாத்தான கீது" என்றார்.

"நைனா, வாத்தியார் கேட்டது குடும்பப் பேரு."

"வீட்டுப் பேரு கேட்டாரு, வீட்டுப் பேரு சொன்னேன். ஆஸ்பத்திரியில உன் பேரு கேட்டான், உன் பேரு எழுதினேன். இதுல நான் இன்னாடா தப்பு பண்ணேன்?"

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "டீச்சர் அதுக்குள்ள ரெண்டு தரம் கேட்டுட்டுப் போனாங்க. நீயே போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்" என்றார்.

டீச்சர் வீடு நாலு வீடு தள்ளி. அந்தத் தூரத்தை நடக்க எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. யோபு அண்ணன் வாய் அங்கேயும் எனக்கு முன்னால் போயிருந்தது. டீச்சர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. கடிதத்தை நீட்டினேன். நாலு ஓட்டைகள், ஒன்றைச் சுற்றித் துருக்கறை. அவர் அந்த ஓட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு ஊக்கா?"

"ஆமா டீச்சர்."

"ஒண்ணு போதுமே."

பொய் சொல்லத் திட்டமிட்டிருந்ததையும் சொல்லிவிட்டேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கணக்குக்கு விடை தப்பானால் வழியையும் காட்டவேண்டும் என்று அவர்தான் எனக்குப் பழக்கியிருந்தார். திட்டவில்லை. ஆபீசர் என்ன கேட்டார் என்று மட்டும் கேட்டார். வில்லாவுக்கு ஊசி போடலியே என்று ஆபீசர் சொன்ன இடம் வந்ததும், டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது என்பதால், முதலில் சிரிப்பு என்றே நினைத்தேன். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது.

பிறகு கடிதத்தைத் தன் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். திரும்ப அனுப்பலாமா என்று கேட்டேன். "இன்னொரு தரம் தெம்பு வரணும்" என்றார்.

புதன்கிழமை நண்பர்கள் வந்தார்கள். டின்னை முருகேசனின் மாமா, ஹட்டன் பக்கம் போகும் யாரிடமோ கொடுத்தனுப்பியதாகச் சொன்னார்கள். யாரிடம் என்று கேட்டேன். முருகேசனுக்குத் தெரியவில்லை. கடிதம் இல்லாத டின். அதை வைத்துக்கொண்டு தாவீது மாஸ்டர் என்ன புரிந்துகொள்வார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போகும்போது டீச்சர் வீட்டு வாசலை நான் தலைகுனிந்து கடந்தேன். அவர் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதையும் விட்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தபால்காரர் எங்கள் வாசலில் நின்று குழம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கே லெட்டர் வந்திருக்கிறது, வீட்டில் யாருக்கு என்று போடவில்லை என்றார். இலங்கைத் தபால்தலை. 'திரு. எபெனேசர் வில்லா அவர்கள், சித்தூர்' என்று விலாசம். சீட்டின் ஓரத்தில் தொங்கிய சாமுவேல் வழியில் எங்கேயோ கிழிந்துபோயிருக்கிறார். என் வாழ்க்கையில் அந்தப் பெயருக்கு வந்த முதல் கடிதம், நின்றபடியே பிரித்தேன். எழுதியதை இங்கே நினைவிலிருந்து எழுதவில்லை, அன்றே டைரியில் நகல் எடுத்துக்கொண்டேன்.

'ஐயா, தங்களை நான் அறியேன். தாங்கள் அனுப்பிய டின் கிடைத்தது. மேலே இருப்பது என் அக்கா ரூத்தின் எழுத்து அல்ல. ஆனால் தாண்ட்ராவை இப்படி மடிப்பவர் அவர் ஒருவர்தான். உள்ளே கடிதம் ஏதும் இல்லை. வேறு யாரோ அனுப்பவேண்டிய நிலை என்றால், அவர் உயிரோடு இருக்கிறாரா? தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும். தாவீது.'

நாலு வீட்டுத் தூரத்தை இந்த முறை ஓடினேன். செருப்பு போட்டதாக ஞாபகம் இல்லை. டீச்சர் அதை வாங்கி, சன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பழைய உறையை எடுத்தார். அதைத்தான் அனுப்பப்போகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"இது போயிருந்தா எல்லாம் கெட்டுப்போயிருக்கும்" என்றார். "நாலு பக்கத்துல மூணரைப் பக்கம் அவன் பண்ணது எப்படித் தப்புன்னுதான் எழுதியிருந்தேன்."

புதுத் தாளில் ஒரே ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. மடித்து உறையில் போட்டு ஒட்டிய பிறகு, விலாசத்தை மட்டும் என்னிடம் காட்டி, "பேரு சரியா கீதா பாரு" என்றார். மூன்று தடவை பார்த்தேன். சரியாக இருந்தது. ஊக்கு குத்தாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு போய்த் தபால்பெட்டியில் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து தாவீது மாஸ்டர் மனைவியோடும் ஒரு பெண்குழந்தையோடும் சித்தூர் வந்து இறங்கினார். டீச்சரைப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். வில்லா ஐயாவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றார். நைனா என்னைக் கூப்பிடவில்லை. முகப்புப் பலகையைக் காட்டி, "அதோ கீறாரு, சொல்லுங்க" என்றார்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். பலகையை மட்டும் நைனா பெயர்த்தெடுத்து வைத்திருந்தார். இப்போது என் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. நான் பெயரை மாற்றவில்லை. என் மகளுக்கும் அந்த வீடுதான் குடும்பப் பெயர். ஊருக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் நான் பெட்டியைத் திறந்து, பட்டியலை வைத்து, எல்லார் சாமான்களையும் இரண்டாம் முறை சரிபார்க்க ஆரம்பித்தால், என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்:

"எல்லாம் சரி. வில்லாவுக்கு ஊசி போட்டாச்சா?"

நான் பேசாமல் பட்டியலை மூடிவிட்டு, என் பையைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும்.